ஆறு பேர் சேர்ந்து ஆங்கிலம் பேசப் பழகுவது: பன்னிரண்டு வார முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டு வருடம் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்திருப்பீர்கள். பேப்பரில் வரும் செய்தி புரியும். தட்டுத்தடுமாறி ஒரு மெயில்கூட எழுதிவிடுவீர்கள். எதிரில் நின்று யாராவது ஆங்கிலத்தில் கேட்டால் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்ளும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆசிரியர் இல்லாமல், ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும் ஆறு பேர் போன் வழியாகவே சேர்ந்து பேசிப் பழகும் முறை இது. இதுவரை ஐந்து குழுக்களோடு இதைச் செய்திருக்கிறேன். முதல் இரண்டும் ஒரு மாதத்துக்குள் கலைந்தன. எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்பது மூன்றாவது குழுவில்தான் பிடிபட்டது. முயற்சிக்குக் குறைவில்லாதவர்கள்கூட வரிசையை மாற்றியதால் பாதியில் விட்டுப்போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் நோட்டில் அப்படி எழுதாதீர்கள். காரணம் ஏழாம் படியில் இருக்கிறது.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

ஒரு ஸ்மார்ட்போன், மைக் வைத்த ஒயர் இயர்போன், நாற்பது பக்க நோட்டு ஒன்று, தினமும் இருபத்தைந்து நிமிடம். செலவு இவ்வளவுதான். புளூடூத்தைவிட ஒயர் இயர்போனைச் சொல்வதற்குக் காரணம், அழைப்பின் நடுவில் சார்ஜ் தீராது.

இவற்றைவிட முக்கியமானது, பலரும் யோசிக்காமல் விடுவது: வாய்விட்டுப் பேச ஓர் இடம். கூடத்தில் மாமியாரும் டிவியும் இருக்கும்போது ஆங்கிலத்தில் வாயே வராது. மொட்டை மாடி, நிறுத்தி வைத்த வண்டி, காலை நடை, எதுவானாலும் சரி, முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் "தினமும் எட்டரைக்கு நான் இங்கிலீஷ் பேசிப் பழகப் போறேன்" என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். மறைத்துச் செய்பவர்கள் இரண்டாம் வாரத்தில் நின்றுவிடுகிறார்கள். யாராவது அறைக்குள் வந்தாலே பதிவை அணைத்துவிடுவதால் எதுவும் முடிவதில்லை.

அடுத்து, உங்கள் மட்டம். ஐரோப்பிய கவுன்சிலின் அளவுகோலில் ஏ1 (தொடக்கம்) முதல் சி2 (உச்சம்) வரை ஆறு மட்டங்கள் உண்டு. இணையத்தில் இலவசத் தேர்வுகள் கிடைக்கும், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இலக்கணத்தை அளக்கின்றன, பேச்சை அளப்பதில்லை. நான் பயன்படுத்தும் சோதனை எளியது. பத்து வரி ஆங்கிலச் செய்தி ஒன்றைப் படித்துவிட்டு, பேப்பரை மூடிவிட்டு, அதைச் சொந்த வார்த்தையில் ஒரு நிமிடம் சொல்லுங்கள். நாலைந்து வாக்கியமாவது வந்தால் இந்தக் குழுவுக்கு நீங்கள் தயார். செய்தியே புரியவில்லை என்றால் முதலில் இரண்டு மாதம் எளிய வாசிப்பு தேவை. அதை விட்டுவிட்டு நேராகப் பேச்சுக்கு வந்தால் மனம்தான் ஒடியும்.

கடைசியாக ஒரு குறிக்கோள். "சரளமாகப் பேச வேண்டும்" என்று எழுதாதீர்கள், அதற்கு முடிவே கிடையாது. "பையனோட ஸ்கூல் மீட்டிங்ல டீச்சர்கிட்ட மூணு கேள்வி கேக்கணும்", "கஸ்டமர் போன் பண்ணினா மேனேஜர்கிட்ட கொடுக்காம நானே பேசி முடிக்கணும்" என்று செய்து முடிக்கக்கூடிய ஒன்றாக எழுதுங்கள். பேசும் தலைப்புகள் எல்லாம் பின்னால் இதிலிருந்துதான் வரும்.

2. எட்டுப் பேரைச் சேருங்கள், ஆறு பேர் நிலைப்பார்கள்

என் முதல் குழுவில் 64 பேர். பெருமையாக இருந்தது. ஒரு வாரத்தில் குட் மார்னிங் படங்களும் பழமொழிப் படங்களும் நிறைந்தன. பேசியது நான்கு பேர், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பத்தைந்து நிமிட அழைப்பில் 64 பேர் என்றால் ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட வராது. ஆறு பேர் என்றால் வரிசையாகப் பேசினாலும் ஏழு நிமிடம் வரும், இரண்டிரண்டு பேராகப் பிரிந்தால் இன்னும் கூடும். வாய் எவ்வளவு நேரம் அசைந்தது என்பதுதான் இங்கே கணக்கு. ஆறு என்ற எண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது ஆறாம் படியில் தெரியும்.

எட்டுப் பேரோடு தொடங்குங்கள். முதல் மூன்று வாரத்தில் இரண்டு பேர் போய்விடுவார்கள். வேலை, பரீட்சை, உடம்பு என்று ஏதாவது ஒன்று வரும். அது யாருடைய குற்றமும் இல்லை.

மட்டம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஏ2-வும் பி1-ம் சேர்ந்து ஓடும். ஏ1-ஐயும் பி2-வையும் ஒரே குழுவில் போட்டால் ஒருவர் ஆசிரியர் ஆகிவிடுவார், மற்றவர் மாணவர் ஆகி வாயை மூடிக்கொள்வார்.

சேர்க்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் தெரியும். முன்பின் தெரியாத ஆண்கள் இருக்கும் குழுவில் பல பெண்கள் சேரத் தயங்குவது இதனால்தான், அந்தத் தயக்கம் நியாயமானது. எனவே யாரையும் நேரடியாகச் சேர்க்காதீர்கள். அழைப்பு லிங்க்கை அனுப்பி, குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லி, அவர்களே வரட்டும் என்று விடுங்கள். எண்ணை மறைக்க வேண்டும் என்றால் டெலிகிராம் நல்லது. அதில் எண்ணை யாரும் பார்க்க முடியாதபடி அமைத்துக்கொள்ளலாம்.

அழைப்புக்கு கூகுள் மீட் போதும். இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஓர் அழைப்புக்கு 60 நிமிடம். ஜூமில் இது 40 நிமிடம்தான், நடுவில் அறுந்துவிடும்.

3. விதிகள் ஐந்து, முதல் நாளே

குழு விவரத்தில் எழுதி, ஒரு செய்தியாகவும் மேலே பின் செய்து வையுங்கள். பிறகு சேர்த்தால் யாரையோ குறிவைத்துச் சேர்த்ததுபோல் ஆகிவிடும்.

ஒன்று: யார் பேசும்போதும் சிரிக்கக் கூடாது, சிரிப்பு முகமும் போடக் கூடாது.

இரண்டு: குழுவில் வந்த குரல் குழுவைத் தாண்டக் கூடாது. ஒருவருடைய பதிவை இன்னொரு குழுவுக்கு அனுப்பியவரை அன்றே நீக்குங்கள். இதில் மட்டும் தயவு காட்டாதீர்கள். ஒருமுறை நடந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

மூன்று: தனிச்செய்தி அனுப்பும் முன் குழுவில் கேட்க வேண்டும்.

நான்கு: கேட்காமல் திருத்தக் கூடாது.

ஐந்து: தமிழ் வரலாம். "ஆங்கிலம் மட்டுமே" என்று விதி போடுவது நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது. விதி கேட்க அழகாக இருக்கும், குழு மயான அமைதியாகிவிடும். ஒரு சொல் சிக்கினால் அந்த இடத்தில் தமிழ்ச் சொல்லை வைத்துவிட்டு வாக்கியத்தைத் தொடருங்கள். "மை மதர் மேட் வத்தக்குழம்பு, பட் இட் வாஸ் டூ… புளிப்பு" என்று போகட்டும். பேச்சு நிற்காமல் ஓடுவதுதான் முதலில் பழக வேண்டியது. அந்தப் "புளிப்பு" நோட்டுக்குப் போகும், எட்டாம் படியில் பயன்படும்.

இவற்றோடு, வாரம் ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொள்ளட்டும். தலைப்பு போடுவது, நேரம் பார்ப்பது, வராதவரை விசாரிப்பது இவ்வளவுதான் வேலை. ஒருவரே எப்போதும் செய்தால் அவருக்குக் காய்ச்சல் வரும் வாரத்தில் குழுவும் படுத்துவிடும்.

4. முதல் இரண்டு வாரம்: குரல் பதிவு மட்டும்

எல்லோருக்கும் முதல் நாளே வீடியோ அழைப்பு போட ஆசை. போடாதீர்கள். தெரியாத ஏழு முகங்களுக்கு முன் முதல் வாக்கியம் தடுமாறினால் அந்தக் கூச்சம் ஒரு மாதம் போகாது. குரல் பதிவில் முகம் இல்லை, அவசரம் இல்லை, பிடிக்கவில்லை என்றால் அழிக்கலாம்.

தினம் ஒரு பதிவு, முப்பது வினாடி. தலைப்பு கண்ணெதிரே இருப்பதாக இருக்கட்டும்: ஜன்னலில் என்ன தெரிகிறது, இன்று என்ன சமைத்தீர்கள், நேற்று யாரிடம் பேசினீர்கள். "சுற்றுச்சூழல் மாசு" போன்ற கட்டுரைத் தலைப்பு வேண்டாம். அதைத் தமிழிலேயே யாரும் முப்பது வினாடி இயல்பாகப் பேசுவதில்லை, மனப்பாடம் செய்துதான் ஒப்பிப்பார்கள்.

மூன்றாவது குழுவில் கோவில்பட்டிப் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா இருந்தார். முதல் நாள் இரவு பத்தரை மணிக்குத்தான் அவர் பதிவு வந்தது. பின்னால் மின்விசிறிச் சத்தம், தூரத்தில் ஒரு நாய். "டுடே… ஐ ஸ்டிட்ச்… ஐ ஸ்டிட்ச்ட் ஃபோர் பிளவுஸ். ஒன் பிளவுஸ், கஸ்டமர் செட் டைட். ஐ வில்… பிரிச்சு… அகெய்ன் ஸ்டிட்ச்." இருபத்திரண்டு வினாடி. காலையிலிருந்து பதினொரு தடவை பதிவு செய்து அழித்ததாகப் பிறகு சொன்னார். அழித்த பதினொன்றையும் நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொன்றும் இதைப்போலவே நன்றாகத்தான் இருந்திருக்கும்.

அதனால் மூன்றாம் நாளிலிருந்து ஒரு கட்டுப்பாடு: இரண்டு தடவைக்கு மேல் பதிவு செய்யக் கூடாது. இரண்டாவது எப்படி வந்தாலும் அனுப்ப வேண்டும். தயக்கத்தைக் குறைக்க இது எல்லோருக்கும் உதவியிருக்கிறது. எழுதி வைத்துப் படிப்பதும் வேண்டாம். கேட்டாலே தெரிந்துவிடும், பழக்கமும் ஆகாது.

பதில் சொல்பவர்கள் விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். "குட்", "சூப்பர்", கட்டைவிரல் படம் எல்லாம் பதில் ஆகாது. அந்த அக்காவுக்கு ஒரு தம்பி, "அக்கா, ஹவ் மச் டைம் ஃபார் ஒன் பிளவுஸ்?" என்று கேட்டார். அவர் கேள்வி கேட்டதால் அக்காவுக்கு இரண்டாவது பதிவு போட வேண்டி வந்தது. தன் ஆங்கிலத்தை ஒருவர் புரிந்துகொண்டார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

5. மூன்றாம் வாரத்திலிருந்து: கேட்டல் முதலில், பேச்சு பிறகு

வெறும் பேச்சு மட்டும் ஓடினால் தெரிந்த நூறு சொற்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள், ஒருவர் தவறு மற்றவருக்கும் ஒட்டிக்கொள்ளும். எனவே வாரத்துக்கு ஒரு நல்ல ஒலிப்பதிவு உள்ளே வர வேண்டும்.

பிபிசி லேர்னிங் இங்கிலீஷ், பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலீஷ் இரண்டும் இலவசம், எழுத்து வடிவமும் சேர்ந்தே கிடைக்கும். பிபிசியின் ஆறு நிமிட நிகழ்ச்சி பி1 மட்டத்தினருக்குச் சரியாக இருக்கும். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு லேர்ன் இங்கிலீஷ் தளத்தில் ஏ1, ஏ2 என்று மட்டம் போட்டே வைத்திருக்கிறார்கள்.

முறை இது. திங்கள் அன்று எழுத்தைப் பார்க்காமல் ஒருமுறை கேளுங்கள், புரியாதது போகட்டும். செவ்வாய் எழுத்தோடு கேளுங்கள். புதன் அன்று அதில் ஒரு நிமிடப் பகுதியை மட்டும் எடுத்து, பேசுபவருக்கு அரை நொடி பின்னாலேயே நீங்களும் சொல்லிக்கொண்டு போங்கள். எழுத்தை முதல் நாளே பார்த்துவிட்டால் கண் வேலை செய்யும், காது தூங்கிவிடும். நாம் பள்ளியில் படித்தது முழுக்கக் கண்ணால் படித்த ஆங்கிலம், அதனால் இந்த வரிசையில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கேட்டதைப் பற்றி ஒரு நிமிடக் குரல் பதிவு. சனி ஓய்வு. ஞாயிறு அழைப்பு.

6. ஞாயிறு அழைப்பு: ஒரே கதை, மூன்று பேரிடம்

குழுவின் உயிர் இந்த அழைப்பில்தான் இருக்கிறது. பெரும்பாலான குழுக்களில் அழைப்பு எப்படி நடக்கும் என்றால், "யாராவது பேசுங்க" என்று ஒருவர் சொல்வார், எல்லோரும் மியூட்டில் இருப்பார்கள். அப்படி விடாதீர்கள். 4-3-2 என்று ஒரு முறை இருக்கிறது. கீத் மாரிஸ் 1983-இல் எழுதியது, மொழி கற்பித்தல் பற்றி நிறைய எழுதிய பால் நேஷன் இதைப் பரவலாக்கினார்.

ஆறு பேரில் மூன்று பேர் பேசுபவர்கள், மூன்று பேர் கேட்பவர்கள். பேசுபவர் ஒரு கதையை முதல் ஆளிடம் நான்கு நிமிடம் சொல்ல வேண்டும். அதே கதையை இரண்டாவது ஆளிடம் மூன்று நிமிடத்தில். மூன்றாவது ஆளிடம் இரண்டு நிமிடத்தில். பிறகு பேசியவர்கள் கேட்பார்கள், கேட்டவர்கள் பேசுவார்கள். மாறும் நேரத்தையும் சேர்த்து இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆறு பேர் இருந்தால்தான் யாரும் சும்மா இருக்காமல் இது கச்சிதமாக ஓடும். புதியவர்களுக்கு நான்கு நிமிடம் மலை மாதிரித் தெரியும், முதல் மாதம் 3-2-1 என்று வையுங்கள்.

கேட்பவர் ஒவ்வொரு முறையும் மாறுவதற்குக் காரணம் உண்டு. ஒரே ஆளிடம் அதையே மூன்று தடவை சொன்னால் இருவருக்கும் சலிப்பு. புது ஆளுக்கு அது புதுக் கதை, அவர் முகத்தில் ஆர்வம் இருக்கும், சொல்பவருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

இரண்டிரண்டு பேராகப் பிரிவதற்குத் தனி வசதி எதுவும் தேவையில்லை. மீட்டில் எல்லோரும் கூடி, யார் யாரோடு என்று பொறுப்பாளர் சொன்னதும் வெளியே வந்து ஒருவரை ஒருவர் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ அழையுங்கள். நேரம் முடிந்ததும் பொறுப்பாளர் குழுவில் ஒரு மணிப் படம் போடுவார். அடுத்த ஆளை அழைக்க வேண்டியதுதான்.

ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பி, வேலையில் மெஷின் நின்றுபோன கதையைச் சொன்னார். முதல் சுற்றில் நான் கேட்பவன். "தி மெஷின்… டூ ஓ கிளாக்… சடன்லி… நின்னுபோச்சு. தென் ஐ… சூப்பர்வைசர்…" அந்த "நின்னுபோச்சு"வில் ஒரு பத்து வினாடி நின்றார். நான் "ஸ்டாப்ட்" என்று எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். இரண்டாம் சுற்றில் அவர் சொன்னதை இன்னொருவர் கேட்டார். எல்லாம் முடிந்து மீட்டுக்குத் திரும்பியபோது, பிரிவதற்கு முன் எல்லோருக்கும் முன்னால் ஒருமுறை சொல்லச் சொன்னேன். "தி மெஷின் ஸ்டாப்ட் அட் டூ ஓ கிளாக். ஐ கால்ட் மை சூப்பர்வைசர். ஹீ செட், வெயிட். வீ வெயிட்டட் ஃபார்ட்டி மினிட்ஸ்." ஒரு சொல்லைக்கூட யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. "ஸ்டாப்ட்" அவருக்கு எட்டாம் வகுப்பிலிருந்தே தெரியும், வாய்க்கு வர நேரம்தான் தேவைப்பட்டது.

இதில் செய்யும் தவறுகள் இரண்டு. ஒவ்வொரு சுற்றிலும் புதுக் கதை சொல்வது ஒன்று. புதுக் கதையில் மூளை விஷயத்தைத் தேடவே நேரத்தைச் செலவழிக்கும், மொழி முன்னேறாது. கேட்பவர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பது மற்றொன்று. பத்து வினாடி பொறுங்கள். அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

7. திருத்தம்: ஒருவருக்கு ஒன்று, பேசி முடித்த பிறகு

நடுவில் திருத்தினால் பேசுபவர் என்ன சொல்ல வந்தோம் என்பதையே மறந்துவிடுவார். எனவே கேட்பவர், பேசுபவர் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தைச் சொன்னபடியே எழுதி வைத்துக்கொள்ளட்டும். சுற்றுகள் முடிந்ததும் அதைப் படித்துக் காட்டி, "அண்ணா, இதை வேற மாதிரி சொல்லலாமா?" என்று கேட்கட்டும். பாதிக்கு மேல் பேசியவரே சரிசெய்துவிடுவார். வரவில்லை என்றால் குழுவில் தெரிந்தவர் சொல்லலாம். யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை என்றால் நல்ல அகராதியில் அந்தச் சொல்லின் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பாருங்கள், ஊகத்தில் திருத்தாதீர்கள். கடைசியாக, திருத்திய வாக்கியத்தைப் பேசியவர் தன் வாயால் மூன்று முறை சொல்ல வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டால் திருத்தியதே வீண்.

எதைத் திருத்துவது? அர்த்தம் மாறும் இடங்களை முதலில். தமிழில் யோசித்துப் பேசும் நமக்கென்றே சில இடங்கள் இருக்கின்றன.

எல்லாவற்றிலும் ஆபத்தானது எதிர்மறைக் கேள்வி. "நீங்க இன்னிக்கு வேலைக்குப் போகலையா?" என்றால் நாம் "ஆமா, போகலை" என்போம். அதே பழக்கத்தில் "டிட்ன்ட் யூ கோ டு வொர்க் டுடே?" என்ற கேள்விக்கு "யெஸ்" என்று சொல்லிவிடுகிறோம். கேட்டவர் நீங்கள் போனதாக எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் போகவில்லை என்றால் கேள்வி எப்படி இருந்தாலும் "நோ"தான். நேர்முகத் தேர்விலும் மருத்துவமனையிலும் இது நேரடியாகப் பாதிக்கும், ஒரு வாரம் முழுக்க இதை மட்டும் விளையாட்டாகப் பழகுங்கள்.

அடுத்தது "டிட் யூ வென்ட்". "போனியா?" என்பதில் இறந்தகாலம் வினைச்சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலக் கேள்வியில் காலம் "டிட்"டுக்கு ஏறிவிடும், வினைச்சொல் வெறுமனே "கோ" என்று நிற்கும். இந்தக் காரணத்தைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

"எனக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்க" என்பது "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" ஆவது மூன்றாவது. "ஐ ஹேவ்" போதும். "நேத்துதான் வந்தேன்" என்பதன் "தான்", "எஸ்டர்டே ஒன்லி ஐ கேம்" என்று ஒட்டிக்கொள்வது நான்காவது. நம் ஊரில் அது எல்லோருக்கும் புரியும். வெளியூர்க்காரர் "நேற்று மட்டும் வந்தார்" என்று நினைக்கக்கூடும்.

"எத்தனையாவது" என்ற கேள்வியும் ஒருநாள் கண்டிப்பாக வரும். "கலாம் எத்தனையாவது குடியரசுத் தலைவர்?" என்பதை ஆங்கிலத்தில் அப்படியே கேட்க ஒற்றைச் சொல் கிடையாது. பதில் எளிது, பதினோராவது, "லெவன்த்". கேள்வியை மட்டும் சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

உச்சரிப்புக்கு வருவோம். முதுகைக் குறிக்கும் சொல், மூட்டை கட்டுவதைக் குறிக்கும் சொல், கைப்பை, மூன்றையும் தமிழில் "பேக்" என்றுதான் எழுத முடியும். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒலி வேறு. இதனால்தான் நோட்டில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறிக்காதீர்கள் என்றேன். குறித்துவிட்டால் கண் அந்த எழுத்தைப் படித்து, வாய் எல்லாவற்றையும் ஒரே ஒலியாக்கிவிடும். அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டிக் கேளுங்கள்.

குடிக்கிற காபியும் நகல் எடுக்கிற காப்பியும் காதில் பிரிகிறதா என்று இரண்டு பேராகச் சோதியுங்கள்: ஒருவர் ஏதாவது ஒன்றைச் சொல்ல, மற்றவர் எது என்று சொல்ல வேண்டும். "பஸ்ஸு", "புக்கு" என்று கடைசியில் ஒட்டிக்கொள்ளும் உகரத்தையும் இப்படியே கவனிக்கலாம்.

திருத்தக் கூடாதவையும் உண்டு. தமிழ் வாடை அடிக்கும் தொனியைத் தொடவே வேண்டாம், அது குறை இல்லை. அங்கங்கே விட்டுப்போகும் "ஏ", "தி" பற்றி முதல் மூன்று மாதம் பேசாதீர்கள். தமிழில் அப்படி ஒரு உறுப்பே இல்லாததால் அது வர நாளாகும், வராவிட்டாலும் அர்த்தம் பெரும்பாலும் கெடாது.

8. சொற்பட்டியல் உங்கள் வாயிலிருந்தே வரட்டும்

"தினம் பத்துச் சொல்" என்று யாரோ தொகுத்த பட்டியலைப் படிக்காதீர்கள். பேசும்போது எந்த இடத்தில் தமிழ்ச் சொல் வந்து விழுந்ததோ அதுதான் உங்களுக்கு வேண்டிய சொல். அந்தத் தையல்கார அக்காவின் முதல் பட்டியல்: பிரிப்பது, சுருக்கம், அளவு, தளர்வு, பாக்கிப் பணம். எந்தப் புத்தகத்திலும் இந்த ஐந்தும் ஒன்றாக வராது, அவருக்கு மறுநாளே ஐந்தும் தேவைப்பட்டன.

வாரம் ஐந்து போதும். சொல்லைத் தனியாக எழுதாமல் நீங்கள் சொல்ல நினைத்த வாக்கியத்தோடு எழுதுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டு, தமிழ்ப் பக்கத்தை மட்டும் பார்த்து ஆங்கிலத்தை நினைவிலிருந்து எடுங்கள். போனிலேயே செய்ய விரும்பினால் ஆன்கி செயலி இந்த இடைவெளியைத் தானே பார்த்துக்கொள்ளும், ஆண்ட்ராய்டில் இலவசம்.

9. ஐந்தாம் வாரத்தில் குழு தளரும்

எந்தக் குழுவும் இதற்குத் தப்பியதில்லை. புதுமை போய்விடும், முன்னேற்றம் இன்னும் கண்ணுக்குத் தெரியாது, தீபாவளி ஆர்டரோ செமஸ்டர் பரீட்சையோ வந்து நிற்கும்.

நிறுத்தாதீர்கள், குறையுங்கள். அந்த வாரத்துக்கு அழைப்பு வேண்டாம், இருபது வினாடிப் பதிவு மட்டும். ஒரு வாரம் முழுதாக நின்றால் திரும்ப வருவதற்கு மீண்டும் அந்த முதல் நாள் கூச்சத்தைத் தாண்ட வேண்டியிருக்கும்.

காணாமல் போனவரிடம் "ஏன் வரல?" என்று குழுவில் கேட்காதீர்கள், அது வருகைப் பதிவேடு மாதிரி இருக்கும். பொறுப்பாளர் குழுவில் சொல்லிவிட்டுத் தனியாக ஒரு குரல் பதிவு அனுப்பட்டும்: "அக்கா, பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதையைப் பாதில விட்டுட்டீங்க, அப்புறம் என்ன ஆச்சு?" வருவார்கள். வராவிட்டாலும் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள்.

நிறையப் பேசுபவருக்கு டைமர் போதும். நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் வந்து வகுப்பு எடுக்க ஆரம்பித்தால், இரண்டு வாரம் அவரைக் கேட்பவராக மட்டும் வையுங்கள், காரணத்தை அன்போடு சொல்லுங்கள். கட்டணப் பயிற்சி விற்க வருபவரை மட்டும் உடனே வெளியேற்றுங்கள்.

10. பன்னிரண்டாம் வாரம்: முதல் பதிவைத் திரும்பக் கேளுங்கள்

இதற்கு முதல் வாரமே ஒரு வேலை இருக்கிறது. குழுவில் செய்திகள் தானாக மறையும் வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் முதல் பதிவைத் தனியாகச் சேமித்து வையுங்கள். போன் மாற்றியதில் அதைத் தொலைத்துவிட்டு வருந்தியவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு.

கடைசி வாரம் அதே முதல் நாள் தலைப்பில், அதே முப்பது வினாடி, மறுபடி பதிவு செய்யுங்கள். இரண்டையும் கேட்டு இரண்டை மட்டும் எண்ணுங்கள்: மூன்று வினாடிக்கு மேல் நின்ற இடங்கள் எத்தனை, தமிழ்ச் சொல் எத்தனை. இலக்கணப் பிழையை எண்ணாதீர்கள். அதிகம் பேசும்போது பிழையும் அதிகமாகத்தான் தெரியும், அதை வைத்து முன்னேறவில்லை என்று தப்பாக முடிவு செய்துவிடுவீர்கள்.

பிறகு, முதல் படியில் எழுதிய குறிக்கோளைச் செய்யுங்கள். ஸ்கூல் மீட்டிங் என்றால் மீட்டிங், போன் என்றால் போன். முந்தைய நாள் குழுவில் ஒருவர் டீச்சராகவோ கஸ்டமராகவோ இருந்து ஒத்திகை பார்க்கட்டும். முடிந்த அன்றே என்ன நடந்தது என்று ஒரு பதிவு போடுங்கள். அந்த அக்கா போட்ட பதிவு இரண்டு நிமிடம் ஐந்து வினாடி. கேட்ட மூன்று கேள்வியில் ஒன்றுக்கு டீச்சர் சொன்ன பதில் புரியவில்லையாம், "சாரி மேடம், ப்ளீஸ் சே அகெய்ன்" என்று கேட்டு வாங்கியிருக்கிறார்.

அடுத்த திங்களன்று குழுவை மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். இரண்டு புதுக் குழுக்கள், ஒவ்வொன்றிலும் புதிதாக ஐந்து பேர். பழைய மூவருக்கும் முதல் இரண்டு வாரம் ஒரே வேலைதான்: புதியவர்களின் முப்பது வினாடிப் பதிவு வந்ததும், விஷயத்தைக் கேட்டு ஒரு கேள்வி அனுப்புவது.